மூன்றாவது அடுப்புக்கல்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. ஆகட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வாயால் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை எழுதியாவது வைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். இரண்டு பக்கமும் வைத்தான். அதில் ஒன்றை எடுத்தவள் நான். அதனால்தான் என் மருமகளுடைய அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிலோடு கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளப் போன என் மருமகள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். மகன் ராஜபாளையத்தில் என்னோடு இருக்கிறான். இருக்கிறான் என்று எழுதிவிட்டேன். வைத்ததைச் சாப்பிடுகிறான், சொன்னால் குளிக்கிறான், அவ்வளவுதான்.

அவன் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். வடக்கே ஏதோ மலைப்பாதையில், வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தானாம். அன்றிலிருந்து அதே நினைப்பு. பென்ஷனோடு ஊருக்கு வந்ததும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். வெல்டிங் பட்டறையில் இரண்டு மாதம் தானும் கூட நின்று ஒரு டிரெய்லர் செய்தான். இரண்டு சக்கரம், தகரச் சுவர், இரண்டு ஜன்னல். உள்ளே ரயிலில் இருப்பதுபோல் மேலும் கீழுமாகப் படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. பின்பக்கம் கதவு, ஏறி இறங்க இரும்புப் படி. ஜீப்பில் கொக்கியை மாட்டினால் வீடு புறப்பட்டுவிடும்.

தெருவில் அதைக் கூண்டு என்றார்கள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருத்தி. அவள் வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கோழிக்கா, நாய்க்கா, வதினா?" என்று கேட்டாள்.

"எம் மகன் கட்டின வீடு. இதுக்குச் சக்கரம் இருக்கு. ஒன் வீட்டுக்கு இருக்கா?" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்படித்தான் பேச வரும். நான் யாரிடமும் போய்த் தலைகுனிந்து நின்றவள் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு இருபது வருஷம் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஆளாக்கினேன். அங்கேயும் யாரும் என்னைப் பார்த்து, நீ மடித்தது கோணல் என்று சொன்னது கிடையாது.

மகனுக்கு எல்லாவற்றிலும் ராணுவ ஒழுங்கு. வண்டி புறப்படும் முன்னால் அவன் ஒவ்வொன்றாகக் கேட்பான், என் பேத்தி பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அதுதான் அவளுக்குப் பயணத்திலேயே பெரிய விளையாட்டு.

"கொக்கி?"

"மாட்டியாச்சு!"

"சங்கிலி?"

"மாட்டியாச்சு!"

"பின்லைட்டு?"

"எரியுது!"

"கல்லு?"

"எடுத்தாச்சு!"

போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் கேட்பான். "முன்கால்?" "இறக்கியாச்சு!" "கல்லு?" "வச்சாச்சு!" முன்கால் என்றால் ஜீப்பைக் கழற்றினாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் சாயாமல் தாங்குகிற ஒற்றை இரும்புக் கால். கல் என்பது சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது. கருங்கல்லில் இரண்டு துண்டு, ஒரு பக்கம் சாய்வாக, மேற்பக்கம் சமமாகக் கொத்தி வாங்கி வந்தான். கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தான்.

முதல் முதலாகச் சேத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக்குப் போனோம். நல்ல மழை. தகரத்தின்மேல் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. குக்கரை அடுப்பில் வைத்து ஜன்னலைச் சாத்தியிருந்தோம். முதல் விசில் வந்ததும் பெட்டிக்குள் குண்டு வெடித்ததுபோல் இருந்தது. நால்வரும் மழைக்குள் குதித்துவிட்டோம். முதலில் குதித்தவன் ராணுவத்துக்காரன். அதைச் சொல்லிச் சொல்லி என் மருமகள் மூன்று நாள் சிரித்தாள்.

இன்னொரு தடவை மேல்படுக்கையின் கொண்டி கழன்று, கீழே படுத்திருந்த அவன் வயிற்றின்மேல் பலகையோடு பேத்தி வந்து இறங்கினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. "அப்பத்தா, அப்பா மெத்தை மாதிரி இருக்காரு" என்றாள். அப்புறம் ஒருநாள் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்து அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். மருமகள் திறக்கவில்லை. ஜன்னல் ஓரமாக நின்று பேரம் பேசினாள்.

"இனிமே துணி நான் துவைக்கேன்னு சொல்லுங்க, திறக்கேன்."

"ஏட்டி, உள்ள வேகுது."

"சொல்லுங்க."

"ஒரு மாசம் துவைக்கேன்."

"வருசம்."

அப்படியெல்லாம் இருந்தவர்கள்தான். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அவர்களுக்குள் முன்னாலேயே ஏதோ இருந்தது என்று எங்கள் சொந்தத்தில் சிலர் பேசுகிறார்கள். ஒன்றும் இருந்ததில்லை.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே பால்கோவா கிண்டிக் கடைகளுக்குக் கொடுத்தவர். விறகடுப்பின் முன்னால் மணிக்கணக்காக நின்று கிண்டுவார். நிற்பது என்றால் அப்படி ஒரு நிற்பு, இடுப்பில் கை கூட வைக்க மாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பொழுது போவதே ஒருவரை ஒருவர் குத்திப் பேசுவதில்தான். அவருடைய பால்கோவாவில் சீனி கூடுதல் என்பேன். என்னுடைய குழம்பில் உப்பு இல்லை என்பார். உப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், "ஒங்க நாக்கு சீனியிலேயே ஊறிப்போச்சு மதினி, அதுக்கு உப்பு தெரியாது" என்பேனே தவிர, உப்பை எடுத்துப் போட மாட்டேன்.

எங்கள் குலசாமி தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று கூட்டம் நெரியும் என்பதால், கூட்டம் வடிந்து அடுத்த வாரம் போவோம், டிரெய்லரிலேயே இரண்டு நாள் தங்குவோம் என்று மகன் சொன்னான். மதினியும் வந்தார். வழியெல்லாம் ஜீப்பில் எனக்கும் அவருக்கும் ஒரே பேச்சு, முன்னால் இருந்த மூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு.

மாந்தோப்பை ஒட்டிய மேட்டில் வண்டியை நிறுத்தினான். மேலே கோயில், கீழே தண்ணீர் இல்லாத ஓடை. ஜீப்பின் முகம் கோயிலைப் பார்த்து, டிரெய்லரின் கதவு ஓடையைப் பார்த்து இருந்தது. முன்கால் இறக்கினான். இரண்டு சக்கரத்துக்கும் பள்ளத்துப் பக்கம் கல்லைக் கொடுத்துக் காலால் மிதித்து இறுக்கினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"கல்லு?" என்றான்.

"வச்சாச்சு!" என்று பேத்தி கத்தினாள். தோப்பிலிருந்த மயில் ஒன்று பதிலுக்குக் கத்தியது. அதற்கும் சிரித்தோம்.

சாமான்களை இறக்கும்போது வெல்லம் இல்லை.

"வெல்லத்த எடுத்து வைக்கேன்னது நீங்கதான் மதினி" என்றார் அவர்.

"நான் சொல்லவே இல்ல. பொங்கலுக்கு இனிப்பு ஒங்க பொறுப்புன்னுதான் பேச்சு. இனிப்புக்காரவுக நீங்கதான?"

"ஒங்க பையில பாருங்க."

"என் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னார். "ஏட்டி, ஒன் மாமியாரு என்னைக்காச்சும் ஒருநா, தப்பு எம்மேலதான்னு சொல்லட்டும். அன்னைக்கு வில்லிபுத்தூரு ஊருக்கே நான் பால்கோவா போடுதேன்."

மகன் சண்டையை முடித்துவைக்க ஜீப்பைக் கழற்றினான். "ரெண்டு பேரும் கிடங்க. நான் போயி வாங்கிட்டு வாரேன்" என்று தேவதானத்துக்குப் போனான்.

வெல்லம் என் பையில்தான் இருந்தது. வெற்றிலைக்கு அடியில், காகிதத்தில் சுற்றியபடி. அதை நான் கண்டது மறுநாள், மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்.

மருமகளும் பேத்தியும் குடத்தோடு கோயில் பக்கத்துக் குழாய்க்குப் போனார்கள். போகும்போது, "அத்தை, வெயிலா இருக்கு, உள்ள கேஸ் அடுப்புலயே பொங்கிருவமா?" என்று மருமகள் கேட்டாள். சாமிப் பொங்கலை யாராவது தகரப்பெட்டிக்குள் கேஸில் பொங்குவார்களா? வானத்துக்குக் கீழே மூன்று கல் கூட்டி விறகு வைத்துத்தான் பொங்க வேண்டும். அதையும் கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். மதினி டிரெய்லருக்குள் உட்கார்ந்து தேங்காய் கீறிக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு நேராக, டிரெய்லரிலிருந்து இருபதடி மேலே இடம் பார்த்து, தோப்பில் கிடந்த கற்களைக் கொண்டுவந்தேன். இரண்டு கல் நன்றாக அமைந்தன. மூன்றாவது உருண்டை. பானையை வைத்தால் தெற்கே சாய்ந்தது. நான்கு கல்லை மாற்றிப் பார்த்தேன். தெற்கே சாய்ந்த பானை தெற்கே பொங்கும். தெற்கே பொங்கினால் அந்த வருஷம் வீட்டுக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதையும் மதினி கண்முன்னால் நான் பொங்கி, அது தெற்கே வழிவதா?

அப்போதுதான் டிரெய்லரின் ஒரு சக்கரத்தடியில் வெள்ளைக் கோடு தெரிந்தது. மேற்பக்கம் சமமான கல். எங்கள் அப்பா வீட்டில் மாட்டுவண்டி உண்டு. மாட்டை அவிழ்த்துவிட்டால் ஒரு சக்கரத்துக்குத்தான் கல் கொடுப்பார்கள். ஒரு கல்லில் எத்தனை பாரவண்டி நின்றிருக்கிறது. இதில் இரண்டு கல், போதாததற்கு முன்னால் இரும்புக் கால் வேறு. பட்டாளத்துக்காரன் எதையும் இரண்டாகத்தான் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

கல் லேசில் வரவில்லை. இறுகிப் பிடித்திருந்தது. குதிகாலால் இரண்டு உதை விட்டு, கையால் ஆட்டி ஆட்டி எடுத்தேன். வண்டி ஒரு விரல் அளவு கூட அசையவில்லை. நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுப்பில் அந்தக் கல்லை வைத்ததும் பானை அளந்து வைத்ததுபோல் உட்கார்ந்தது.

பால் நுரைத்து வந்தபோது, "மதினி, பொங்கப் போகுது, வெளிய வாங்க!" என்று நான்தான் கூப்பிட்டேன்.

"வாரேன், வாரேன். தெக்க வழிஞ்சா நான்தான் மொதல்ல பாக்கணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நான் கோயிலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பால் கிழக்கே பொங்கியது. நினைத்தபடியே கிழக்கே. குலவை போட்டேன். எங்கள் சொந்தத்தில் என் அளவுக்குக் குலவை போட ஆள் கிடையாது, மலையில் பட்டுத் திரும்பி வரும். முதல் குலவையின்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. "மதினி" என்பது மாதிரி. அவரும் குலவை போட வருகிறார் என்று நினைத்தேன். மூன்று போட வேண்டும் என்பது கணக்கு. மூன்றையும் முழுதாகப் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

டிரெய்லர் நின்ற இடத்தில் இல்லை. அவர் பின்படியில் காலை வைத்ததும் முன்கால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. கல் இருந்த சக்கரம் நின்றுவிட்டது. கல் இல்லாத சக்கரம் ஓடியிருக்கிறது. வண்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, படியோடு அவரைக் கீழே தள்ளி, இடுப்புக்குமேல் இரும்பை ஏற்றிக்கொண்டு போய் மாமரத்தில் முட்டி நின்றது. அவர் மல்லாந்து கிடந்தார். கையில் தேங்காய்க் கீற்று இருந்தது. அழவில்லை. "மதினி, கூப்பிட்டனே" என்றார்.

மருமகள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது அவள்தான். மகன் வெல்லத்தோடு வந்து இறங்கினான். வெல்லப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான். ஒரு கல் கிடந்தது. மறுபக்கம் தரையைப் பார்த்தான். புல்லை விலக்கிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் கல்லு எங்க?"

"வைக்கலையா?" என்றாள் மருமகள். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமல் கேட்டாள். "வைக்கலையாங்க?"

"வச்சேனே" என்றான். இன்னொரு தடவை குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, "வச்ச மாதிரிதான் இருக்கு" என்றான்.

கல் என் காலடியில் அடுப்பில் இருந்தது. அதன்மேல் பானை. பானையில் பால் தீய்ந்து நாற்றம் வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் பயம்கூட எனக்கு இல்லை. மதினி கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்பதுதான் இருந்தது. அவர் காதில் விழும்படி அதை எப்படிச் சொல்வது என்றுதான் இருந்தது.

ராஜபாளையத்தில் பார்த்து, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, நரம்பிலும் அடி. கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நர்ஸ் வந்து கட்டுப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் கைக்குத் தெரிந்த துணி. ஒன்பதாம் நாள் பெரிய டாக்டர் வந்து, உட்காரலாம், ஆனால் இனி எழுந்து நிற்பார் என்று சொல்ல முடியாது என்றார். ஒன்பது நாளும் நான் பேசவில்லை.

அன்றைக்குத்தான் சொன்னேன். முதலில் மகனிடம். கேண்டீனில் அவன் முன்னால் இட்லியை வைத்துவிட்டு, "ஏலே, கல்ல நான்தான் எடுத்தேன், அடுப்புக்கு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டான். "யம்மா, எனக்காகப் பழிய நீ ஏத்துக்காத. நான்தான் வைக்காம விட்டுட்டேன். எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

"போனயேலே. மிதிச்சு இறுக்கினயே. நான் பாத்தேன்."

"நீ எனக்காக என்ன வேணும்னாலும் பாத்தேம்ப."

பெற்ற பிள்ளையே அப்படிச் சொன்னான். தாய்ப்பாசம் என்று பெயர் வைத்துவிட்டான். மருமகளிடம் போனேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஒம்பது நாளு எங்க போச்சு அத்தை இந்தக் கல்லு?"

மதினி முன்னால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்றால், அதுவும் அவளுக்குக் கதையாகத்தான் தெரியும். "அவிய தினம் கொக்கி, சங்கிலி, கல்லுனு எங்களயெல்லாம் விரட்டுனாவ. ஒரு நாளு அவியளே மறந்துட்டாவ. மறந்தேன்னு சொன்னாக்கூட மனசு ஆறும். இப்ப அம்மாவும் மகனும் சேந்து என்னய முட்டாளாக்காதீக." அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை.

மதினியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்து, நான் தனியாகத் தேவதானம் பஸ் ஏறினேன். இறங்கி மாந்தோப்புவரை வெயிலில் நடந்தேன். நின்று நின்று போனேன். என் அடுப்பு அப்படியே இருந்தது, உள்ளே காய்ந்த சருகு. மூன்றாவது கல்லை எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மகன் போட்ட வெள்ளைக் கோடு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கண்டக்டர் பையன், "ஆச்சி, கூடையில என்ன, இம்புட்டுக் கனம்?" என்று கேட்டு ஏற்றிவிட்டான். கல்லு என்றேன். அவன் சிரித்தான்.

மதினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கல்லை வைத்தேன். மருமகள் நின்றுகொண்டிருந்தாள். பேத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வரும் வருஷத்துக்கு அவளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

என் வயதுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். "மதினி, தப்பு எம்மேலதான். பானை சாயுதுன்னு சக்கரத்துக் கல்ல உருவினது நான். நீங்க கூப்பிட்டது காதுல விழுந்தும் திரும்பாம நின்னதும் நான்தான். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல."

மருமகள் குனிந்து கல்லைப் புரட்டிப் பார்த்தாள். கரியைத் தொட்டு விரலைப் பார்த்தாள். "அடுப்புல இருந்திருக்கு, சரி. நீங்க எடுக்கும்போது இது சக்கரத்துக்கு அடியில இருந்துச்சா, இல்ல அவிய வைக்க மறந்து பக்கத்துல கிடந்துச்சா?"

"அடியில இருந்துச்சு தாயி. இறுகிக் கிடந்துச்சு. ஒதைச்சுத்தான் எடுத்தேன்."

"அத யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ரொம்பச் சுருங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சிரித்தார். பழைய சிரிப்புதான், சத்தம் மட்டும் இல்லை. "மதினி, நீங்க குழம்புல உப்பில்லன்னு ஒத்துக்காதவுக. மகன் வாழ்க்கைக்காக இம்புட்டு எறங்கி வந்திருக்கீக. எனக்குத் தெரியாதா? நானும் பெத்தவதான். நானா இருந்தாலும் இந்தப் பொய்யச் சொல்லுவேன்."

"பொய்யில்ல மதினி."

"இருக்கட்டும். பால்கோவா போடணும்னுதான் பாக்கேன். யாரு நின்னு கிண்டுறது?"

நான் அழுதேனோ என்னவோ, நினைவில்லை. புறப்படும்போது பேத்தி வாசல்வரை வந்தாள். "அப்பத்தா, நான் பாத்துட்டுத்தான் வச்சாச்சுன்னு சொன்னேனா, பாக்காமலே சொன்னேனா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுத்தாம்மா சொன்ன."

"நான் பாக்கலைன்னு அம்மா சொல்லுதா. எனக்கும் இப்ப பாக்காத மாதிரிதான் தெரியுது."

பத்து வயதுப் பிள்ளை. அவள் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து நான் எடுத்துவிட்டேன்.

கல்லைத் திரும்பக் கொண்டுவரவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். மருமகள் வா என்றும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. காபி கொடுப்பாள். நான் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோகிறேன். உப்பு பார்த்துத்தான் வைக்கிறேன். மதினி சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கு அவர் ஏதாவது குறை சொன்னால் தேவலை என்றிருக்கும். ஒவ்வொரு தடவையும் மறுபடி அதையே சொல்லிப் பார்த்தேன். நான்கைந்து தடவைக்குப் பிறகு, "விடுங்க மதினி, அடுத்த பேச்சு பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மகன் ஒரு தடவைதான் போனான். வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். தான் செய்யாததற்குக் கேட்டான். அவன் கேட்டதை எல்லோரும் நம்பினார்கள். டிரெய்லர் எங்கள் வீட்டுப் பின்பக்கம் காலி மனையில் நிற்கிறது. சமதரைதான். இருந்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னுமாகச் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறான். தினமும் காலையில் போய்ச் செங்கல்லைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறான். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன வாரம் போனபோது மதினியின் அறைக்கதவு நன்றாகத் திறந்திருந்தது. அந்தக் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், அவருக்குத் தூக்கம் கெடும். இப்போது அடிக்கவில்லை. கீழே பார்த்தேன். கதவுக்கு முட்டாக அந்தக் கல்லை வைத்திருந்தார்கள். கரியைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

"நல்ல கல்லு மதினி. அசையவே இல்ல" என்றார் அவர்.

தூக்குவாளியைக் கழுவி வாங்கிக்கொண்டு எழுந்தேன். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கல்லத் தட்டிராமப் போங்க அத்தை" என்றாள்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லைச் சுற்றிக் காலை எடுத்துவைத்து வெளியே வந்தேன்.